பதினேழாம் எண்ணுக்குச் சனிக்கிழமை இல்லை

ஜனவரி 14, டுலூத்

தூக்க ஆய்வுக்கு வருவதாகச் சொன்ன ஒருவர் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டார். ஒரு கைக்கடிகாரம் மிச்சம். நானே கட்டிக்கொண்டேன் — எண் பதினேழு. யாரிடமும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழற்றக் கூடாது. தூங்குவதையும் எழுவதையும் அது பதிந்துகொள்ளும்; உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தின் பங்கு எவ்வளவு, வெளிச்சத்தின் பங்கு எவ்வளவு, வாரத்தின் பங்கு எவ்வளவு என்று எங்கள் சமன்பாடு பிரித்துக் காட்டும். சனி, ஞாயிறு என்றால் எல்லா மனிதரும் தாமதமாகப் படுத்துத் தாமதமாக எழுவார்கள். கட்டுரையே அதை நம்பித்தான் நிற்கிறது.

ஜனவரி 23

துறைமுகம் உறைந்துவிட்டது. ஓட்ஸ் கஞ்சி. வேலை.

பிப்ரவரி 19

கூட்டம். என் மாணவன் டெஸ்மண்ட் வரைபடங்களைத் திரையில் போட்டான். எல்லார் கோட்டிலும் வாரக் கடைசியில் ஒரு வளைவு. பதினேழு மட்டும் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி. வாரத்தின் பங்கு பூஜ்யம்.

"யாருங்க இது, ஜெயில்ல இருக்காரா?" என்றான்.

உயிரியல் துறை லொரெய்ன் சும்மா இருப்பாளா? "கடிகாரத்தைக் கழட்டி நாய் கழுத்துல கட்டிவிட்டிருப்பாங்க."

"நாய்க்குக்கூட ஞாயித்துக்கிழமை தெரியுமே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஸ்வெட்டர் கையை மெதுவாக இழுத்துவிட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 20

என் கணவர் ராய் பிரிந்துபோன பிறகு எனக்குச் சனிக்கிழமை என்று ஒன்று வரவே இல்லையா? யோசித்துப் பார்க்கிறேன் — கடையில் கூட்டம் அதிகமாக இருக்கும். அவ்வளவுதான்.

பிப்ரவரி 24

பதினேழை எடுத்துவிட்டால் சமன்பாடு அழகாகப் பொருந்துகிறதாம். "கருவிக் கோளாறுன்னு போட்டுடலாமா, மாரிட்?" என்றான் டெஸ்மண்ட். சரி என்றேன். என் வாயாலேயே.

கோளாறாம்! நல்லாத்தானே ஓடுச்சு? எழுந்தேன், நடந்தேன், தூங்கினேன் — ஒண்ணுகூட பொய் இல்லையே. நான் மனுஷக் கணக்குல சேர்த்தி இல்லையா?

பிப்ரவரி 26

சொல்லிவிட்டேன். "பதினேழு கோளாறு இல்ல. அது நான்." டெஸ்மண்டின் காதெல்லாம் சிவந்துபோனது. லொரெய்ன் காப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழைத் திரும்பச் சேர்த்தோம். பொருத்தம் கெட்டது. கெடட்டும். கட்டுரையில் 'எல்லா மனிதருக்கும்' என்பதைப் 'பெரும்பாலோருக்கு' என்று திருத்தினேன்.

வீட்டுக்கு வந்து அழுதேன்.

மார்ச் 1, சனி

கதவைத் திறந்தால் லொரெய்ன். ஒரு கையில் பாத்திரம் நிறைய, சூடாகச் சுட்டெடுத்த உருளைக்கிழங்கு ஹாட்டிஷ்; கக்கத்தில் சீட்டாட்டத்தில் புள்ளி குறிக்கும் கிரிபேஜ் பலகை. எனக்குச் சுருக்கென்றது.

"பாவம் பார்த்து வந்தியா?"

"உன்னைப் பார்த்தா என்ன பாவம்? என் வீட்டுக்காரர் புள்ளி எண்ணும்போது ஏமாத்துறார். கணக்குத் தெரிஞ்ச ஆள் வேணும். நகரு, குளிருது."

பாதி ஆட்டத்தில், "அந்த நாய் விஷயம்..." என்று ஆரம்பித்தாள்.

"சீட்டைப் போடு" என்றேன்.

மார்ச் 8

மறுபடி வந்தாள். தோற்றேன். ஏமாற்றுவது வீட்டுக்காரர் மட்டுமில்லை.

மார்ச் 23, ஞாயிறு

எழுந்தபோது ஜன்னல் முழுக்க வெயில். உடம்புக்கு என்னவோ என்று முதலில் பயந்துபோனேன். அப்புறம்தான் நள்ளிரவு தாண்டியும் நீண்ட நேற்றைய ஆட்டம் நினைவுக்கு வந்தது.

டெஸ்மண்டைக் கூப்பிட்டுப் பதினேழை எடுத்துவிடச் சொன்னேன்.

"மறுபடியுமா? கருவிக் கோளாறா?"

"இல்லப்பா. நடுவுல ஆள் மாறிடுச்சு."

லொரெய்னின் பாத்திரம் இன்னும் என் அடுப்படியில்தான் கிடக்கிறது. கழுவி வைக்க வேண்டும், சனிக்கிழமை கேட்பாள்.