ஆஸ்பத்திரி வளைவு

என் கோபக்காரிக்கு,

எங்கள் ரயில் எஞ்சின் வகையின் வரலாற்றைக் கேட்டுக்கொண்டு நேற்று ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். மொத்தம் தொண்ணூற்றாறு செய்தார்கள். கொதிகலன் ஒன்று, அதன் அடியில் தனித்தனியாகத் திரும்பும் இரண்டு சக்கரத் தொகுதிகள். அதனால்தான் சாக்சனியின் இந்தக் கிளைப்பாதைகளில் எண்பது வருடமாக வளைந்து வளைந்து ஓடுகிறது என்றேன்.

ஆஸ்பத்திரி வளைவைப் பற்றிச் சொல்லவில்லை. அங்கே முன்சக்கரங்கள் பள்ளத்தாக்குக்குத் திரும்பிய பிறகும் என் காலடியிலுள்ள சக்கரங்கள் கொஞ்சநேரம் உன் பக்கமே ஓடும். நான் ஊதுவேன், நீ ஜன்னலில் சிவப்புத் துண்டைக் காட்டுவாய். அதெல்லாம் அவருக்கு எதற்கு?

கரி அள்ளிப்போடும் கெர்னோட் தினமும் கிண்டல் செய்வான். "போதும்ணே! அண்ணிக்கே ஊதி ஊதி நீராவியத் தீத்துட்டா, மேட்டுல நாமதான் எறங்கித் தள்ளணும்."

மூன்று நாளாகத் துண்டைக் காணோம். குளிருக்கு ஜன்னலை மூடியிருப்பார்கள். டாக்டருக்கு நான் போன் செய்யவில்லை. என்மேல் கோபமென்றால் நல்லது, நன்றாகக் கோபித்துக்கொள்.

நேற்று கெர்னோட் கிண்டல் செய்யவில்லை. மூடிய ஜன்னலைப் பார்த்துவிட்டு, "இன்னொரு தடவ ஊதுங்கண்ணே," என்றான்.

சனிக்கிழமையோடு பாதையை மூடுகிறார்கள். திங்கள்முதல் நாலு மணிக்கு உனக்கு ஊதல் கேட்காது. எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பயந்துவிடாதே. எஞ்சின்தான் நின்றுவிட்டது, நான் இருக்கிறேன். இனி பஸ்ஸில் வருவேன். பஸ் சத்தம் ஆஸ்பத்திரி மேடுவரை எட்டாது. அதனால் கதவைப் பார்த்துக்கொண்டிரு.

நான் வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டே இரு.

உன்
கரிமூஞ்சி