பசிக்க வைக்கும் மாத்திரை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ எப்படி இருக்கிறாய்? போனில் யாரோ ஒட்டுக்கேட்கிற மாதிரி தோன்றுவதால்தான் கடிதம் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

புது மாத்திரையில் குரல்கள் அடங்கிவிட்டன. சலவைக்கடையில் நாள் முழுக்க இஸ்திரி போடுகிறேன், காதுக்குள் ஒருத்தரும் என்னைத் திட்டுவதில்லை. ஆனால் பசி, அக்கா! சோறு உள்ளே போன சுவடே தெரியவில்லை. ஒரு வருஷத்துக்குள் இருபது கிலோ ஏறிவிட்டது. முதலாளி, "உன் சட்டையத் தேய்க்கத் தனி மேஜை போடணும்பா" என்கிறார். நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை வந்துவிட்டதாம்.

இப்படிக்கு,
உன் ஒல்லிக்குச்சி (முன்னாள்)

மார்ச் 19

என் செல்லத் தம்பிக்கு,

உன் கடிதத்தை விடுதிச் சமையலறையில் நின்றபடியே படித்தேன். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பொங்கிப் போடுகிறேன், உனக்கு ஒரு வாய் கொடுக்க வழியில்லை.

டீயில் சர்க்கரையை நிறுத்து. பிஸ்கட் பொட்டலத்தை அறையில் வைக்காதே. பசித்தால் வெள்ளரிக்காய் சாப்பிடு. வேலை முடிந்து நடந்தே வீட்டுக்குப் போ. சிகரெட்டைப் பற்றி நீ எழுதவே இல்லை. எனக்குத் தெரியாதென்று நினைக்காதே. எடை ஏறாத வேறு மாத்திரை உண்டா என்று டாக்டரிடம் கேள். நீயாக மட்டும் எதையும் நிறுத்திவிடாதே, கெஞ்சிக் கேட்கிறேன்.

அன்புடன்,
அக்கா

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நடக்கிறேன். சர்க்கரை இல்லாத டீயைக் கஷாயம் போல விழுங்குகிறேன். டாக்டரிடம் கேட்டேன். "குரல் கேக்கலைல்ல? அப்புறம் வயித்தப் பத்தி என்ன கவலை?" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

செருப்பு கடித்த புண் ஆறவில்லை. பொது ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே டாக்டர் காலைப் பார்க்கவில்லை, மருந்துச் சீட்டைப் பார்த்தார். மாத்திரை பெயரைப் படித்ததும் அவர் பேச்சே மாறிவிட்டது. "கால் வலிக்குதுன்னு யாராவது காதுல சொல்றாங்களா?" என்றார். கட்டுகூடப் போடாமல், மனநல ஆஸ்பத்திரிக்கே போகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். தலைக்கு ஒரு ஆஸ்பத்திரி, காலுக்கு ஒரு ஆஸ்பத்திரி. எனக்கு உடம்பு ஒன்றுதானே அக்கா?

அன்புத் தம்பி

ஜூன் 11

அக்கா,

பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை! கயிறு கட்டியிருக்கிறேன். பசி போய்விட்டது. எப்படி என்று கேட்காதே. தூக்கமே தேவைப்படவில்லை. முதலாளி என்னைப் பற்றி இஸ்திரிப்பெட்டியிடம் ஏதோ சொல்லிவைத்திருக்கிறார், அதனால் வேலைக்குப் போவதில்லை. உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எழுத்து சாய்ந்திருக்கிறது. நீதானே எழுதினாய்?

தம்பி

ஜூன் 20

என் தங்கமே,

நான்தான்டா எழுதினேன். மாத்திரையை விட்டுவிட்டாய் என்று புரிகிறது. வருஷம் முழுக்கப் பசியோடு கிடந்தவனை எந்த வாயால் திட்டுவேன்? குண்டாக இரு, ஊதிப்போய் இரு, நீ இருந்தால் போதும் எனக்கு. லீவு கேட்டேன், தரவில்லை, வேலையை விட்டுவிட்டேன். மாசக் கடைசியில் சம்பளக் கணக்கு முடிந்ததும் கிளம்பி வந்துவிடுவேன். அதுவரை காலில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்.

அக்கா

ஜூலை 1

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

என் அக்காவின் பெயரில் எழுதுவதை நிறுத்தவும். அவளை எனக்குத் தெரியும், வேலையை விடுகிறவள் அல்ல. என் காலைப் பற்றி உங்களுக்கு யார் சொன்னது? நேரில் வந்தால் கதவு திறக்கப்படாது.

இந்த அறையில் குடியிருப்பவன்

ஜூலை 9

ஐயா,

இந்தத் தாளைக் கதவுக்கடியில் தள்ளுகிறேன். நான் உங்கள் அக்கா என்று இதில் எழுதப்போவதில்லை. காலையிலிருந்து அதைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. வீட்டுக்காரர் கதவை உடைக்கலாம் என்றார். நீங்கள் பயந்துவிடுவீர்கள், வேண்டாம் என்றேன். ஆனால் புண்ணின் வாடை வராந்தா வரைக்கும் வருகிறது.

ஒரு டாக்டரம்மாவைக் கூட்டி வந்திருக்கிறேன். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, "முதல்ல காலப் பாக்கறேன்" என்றார். வேறு மாத்திரையும் இருக்கிறதாம், இவ்வளவு பசி எடுக்காதாம். அதைப் பற்றி உங்களுக்கு மனசு இருந்தால் பிறகு பேசலாம்.

அவருக்கு மட்டும் திறந்தால் போதும். நான் கீழே போய்ப் படியில் உட்கார்ந்துகொள்கிறேன். என் முகம் உங்கள் கண்ணில் படாது.

இப்படிக்கு,
வெளியூரிலிருந்து வந்த ஒருத்தி