ஆவாரஞ்செடி எப்படி இருக்கு?

20 பிப்ரவரி 2024, செவ்வாய்

மதுரை போய்வந்த கவிதா, என்னோடு வங்கியில் இருந்தவள், காகிதத்தில் மடித்து ஆவாரை விதை கொடுத்தாள். பாலிகஞ்ச் மொட்டைமாடியில் வளருமா இது?

சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்ததே. எஞ்சின் சாம்பல் கொட்டிய கட்டாந்தரையில், வேலியோரமாக அப்பா விதைத்தார். வரிசை முழுக்க மஞ்சள். போகிக்குக் காப்புக் கட்ட அத்தனை தமிழ் வீடுகளும் எங்கள் வேலிக்குத்தான் வரும். என் அண்ணன் முருகானந்தம் கொத்துக் கொத்தாக ஒடித்துக் கொடுப்பான்.

21 பிப்ரவரி

விதையைச் சுடுநீரில் ஊறப்போட்டேன்.

3 மார்ச்

ஐந்து முளை!

18 ஏப்ரல், வியாழன்

நான்கு போய்விட்டன. மிஞ்சிய ஒன்றும் மஞ்சளடிக்கிறது. யாரைக் கேட்பது? அப்பா ஷிஃப்டுக்குப் போனால் வேலியைப் பார்த்துக்கொண்டது அண்ணன்தான்.

அவனோடு பேசிப் பதினோரு வருஷம். அப்பாவுக்கு ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றவள் நான். வேண்டாம் என்றவன் அவன். அப்பா திரும்பி வரவில்லை. சுடுகாட்டில் எல்லார் முன்னாலும், "நீதான்டி கொன்னே" என்றான். அதற்குப் பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாந்த்ராகாச்சியில் அவன், இந்தப் பக்கம் பாலிகஞ்சில் நான்.

19 ஏப்ரல்

போன் செய்துவிட்டேன்.

"அண்ணே, ஆவாரஞ்செடி வச்சிருக்கேன். இலை மஞ்சளாகுது."

யாரென்றுகூடக் கேட்கவில்லை. "தண்ணி ஊத்துறியா?"

"தினமும்."

"நிறுத்து. மண்ணுல பாதி செங்கல் தூள் கல." வைத்துவிட்டான்.

அவன் குரலுக்கு இவ்வளவு வயசாகிவிட்டதா?

28 ஏப்ரல், ஞாயிறு

அவனே கூப்பிட்டான். "செடி எப்படி இருக்கு?" துளிர்த்திருக்கிறது என்றேன். "ம்." அவ்வளவுதான்.

30 ஜூன், ஞாயிறு

ஞாயிறு தவறாமல் கூப்பிடுகிறான். வெயிலில் வை, உரம் போடாதே, தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதே. என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்பதில்லை. ஆனாலும் காலையிலிருந்தே போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன் — அறுபத்திரண்டு வயதில்.

4 ஆகஸ்ட், ஞாயிறு

மூன்று நாள் அடைமழை. மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர். செடியைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்து அழுகிப்போயிருந்தது.

சாயங்காலம் போன். "மழைக்குத் தாங்குச்சா?"

"நல்லா இருக்குண்ணே."

ஏன் சொன்னேன்? செடி இல்லையென்றால் அவன் வேறு எதற்குக் கூப்பிடப்போகிறான்?

8 செப்டம்பர், ஞாயிறு

மொட்டு விட்டதா என்றான். ரெண்டு, என்றேன். ஐயோ.

இன்று கொஞ்சம் கூடவே பேசினான். அம்மா கரி ஷெட் கூரையில் ஆவாரம்பூ காயவைப்பாளே, ஒருநாள் ரயில்வே கார்டு வீட்டு ஆடு ஏறி எல்லாவற்றையும் தின்றதே! அம்மா துடைப்பத்தோடு தண்டவாளம்வரைக்கும் துரத்தியதைச் சொல்லிச் சிரித்தான். அப்பா மாதிரியே சிரிக்கிறான். வைத்த பிறகு அழுதேன்.

11 அக்டோபர், அஷ்டமி

சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். தலை முழுக்க நரை.

"செடியப் பாத்துட்டுப் போறேன்."

மறைக்க என்ன இருக்கிறது? மாடிக்குக் கூட்டிப்போனேன். வெறும் தொட்டி. கீழே துர்கா பூஜைப் பந்தலில் டாக் மேளம் அடிக்கிறார்கள், என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"செத்துப்போச்சுண்ணே. ஆகஸ்ட்லயே."

"தெரியும்."

"எப்படி?"

"தொட்டியில வச்ச ஆவாரை அந்த மழைக்கு நிக்குமாடி? மொட்டு வேற விட்டுச்சாம்."

"அப்புறம் ஏன் வாராவாரம் கேட்டே?"

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். "வேற என்ன கேக்குறதுன்னு தெரியல." வெறும் தொட்டியைப் பார்த்தபடி, "அன்னிக்குச் சுடுகாட்டுல நான் சொன்னது…" அதற்கு மேல் வரவில்லை. வாய் கோணியது.

"சாப்பிட வாண்ணே" என்றேன்.

இரண்டு முறை ரசம் வாங்கிச் சாப்பிட்டான்.

26 ஜனவரி 2025, ஞாயிறு

அண்ணன் போன். முட்டி வலி, டாக்டர் ஆபரேஷன் என்கிறாராம். "நீ என்ன சொல்றே?" என்றான். "நானா?" என்றேன். "சொல்லு, உன்னத்தான் கேக்குறேன்."

நாளைக்கு ரிப்போர்ட்டைப் பார்க்க சாந்த்ராகாச்சி போகிறேன்.