களப்புத் தண்ணீரில் ஒரு கேள்வி

இஞ்சாருங்கோ,

நேரில் கதைத்தால் சண்டையாகிவிடும். அதனால்தான் இதைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைக்கிறேன். கடலில் ஆறுதலாக வாசியுங்கோ.

ஞாயிற்றுக்கிழமை களப்பில் ஞானஸ்நானம் எடுப்பவர்களின் பட்டியலில் என் பெயரையும் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் சபைப் பாஸ்டரம்மா சொல்லித்தான் அறிந்தேன். "குழந்தையிலை ஊத்தின தண்ணி செல்லாது அக்கா, தானா விரும்பி எடுக்கவேணும்" என்றார். தானாக விரும்பி!

படகிலிருந்த அந்தோனியாரின் பெயரை நீங்கள் சுரண்டியபோது நான் வாய் திறக்கவில்லை. மகனை அவர் உயிரோடு கரைசேர்க்கவில்லை என்ற கோபம் எனக்கும் உண்டு. ஆனால் உங்கள் புதிய சபையில் இறந்தவர்களுக்கு மெழுகுதிரி கொளுத்தக்கூடாதாம். சகல ஆத்துமாக்களின் திருநாளான கார்த்திகை இரண்டாம் திகதி பிள்ளையின் கல்லறை இருட்டிலா கிடப்பது?

நீங்கள் போங்கோ, மறிக்கமாட்டேன்.

தண்ணீருக்குள் நிறுத்தி, "சொந்த விருப்பத்தோடை வாறீரா?" என்று பாஸ்டர் ஒவ்வொருவரிடமும் கேட்பாராம். பெயர் இருந்தால் நானும் வந்து உங்கள் பக்கத்தில் நிற்பேன். என்னை எட்டு நாள் பிள்ளையாக ஞானஸ்நானம் கொடுக்கக் கோயிலுக்குத் தூக்கிப்போனபோது எனக்குப் பேச்சு வராது. இப்போது வரும். ஊரே கேட்க உண்மையைச் சொல்லுவேன்.

சனிக்கிழமைக்குள் என் பெயரை வெட்டுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். நீங்கள் என்னைக் கேட்கவில்லை. பாருங்கோ, நான் உங்களைக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மகனைப் பெற்றவள்