முதலில் தரையைப் பார்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மா நலம், நான் முழங்கால் வலியோடு நலம். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் இரண்டாம் நிமிஷமே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. பிளம்பர் மூன்று முறை வந்தார், மூன்று முறையும் பார்த்துவிட்டுப் போனார், பார்ப்பது மட்டும்தான் அவர் தொழில் போலிருக்கிறது.

ஆபீஸ் விஷயத்துக்கு வருகிறேன், வயிறு எரிவதே அதனால்தான். இருபத்தாறு வருஷமாக மனிதர்கள் படிப்பதற்குக் கையேடு எழுதினேன், ஒருத்தரும் படித்ததில்லை. சலவை இயந்திரத்துக்கு நான் எழுதிய புத்தகத்தை மாடி வீட்டுக்காரர் ஆடுகிற மேஜைக்கு முட்டுக் கொடுத்திருந்ததை நீயே பார்த்திருக்கிறாய். இந்த வருஷம் புது உத்தரவு. பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து கொடுக்கிறோம் அல்லவா, அதில் பக்கவாட்டிலும் தலைகீழாகவும் வந்துவிடுகிற படங்களைத் திருப்பிச் சரியாக வைக்க ஒரு கருவி செய்திருக்கிறார்கள். அதை இயக்கப்போவது ஆள் இல்லை, செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட். அது படித்து நடப்பதற்கு நான் குறிப்பு எழுத வேண்டும். ஏஜென்ட் என்றதும் உன் அம்மா, அவரும் இன்சூரன்ஸ்காரர் மாதிரி வீட்டுக்கு வந்து உக்காந்துக்குவாரா என்று கேட்டாள். வந்தால்கூடத் தேவலை, முகத்தைப் பார்த்தாவது புரிந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ளலாம்.

நான் பதினொரு பக்கம் எழுதினேன். கத்தரி என்று நான் பட்டப்பெயர் வைத்தவரை உனக்கு நினைவிருக்கும், எனக்கு வரவேண்டிய தலைமைப் பதவியில் பத்து வருஷமாக உட்கார்ந்துகொண்டு என் வாக்கியங்களை வெட்டுவதையே பிழைப்பாக வைத்திருப்பவர். இவ்வளவு எதுக்கு சார், அதுக்கு வேண்டியது தெளிவு, உங்க மனக்குறை இல்ல என்று சிரித்துக்கொண்டே சொல்லி ஒரே பக்கமாக ஆக்கினார். அதில் ஒரு வரி, படத்தில் மனித முகம் இருந்தால் தலை மேலே வரும்படி திருப்பு என்பது.

முதல் பெரிய வேலையாக ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சிப் பள்ளியின் முப்பது வருஷப் படங்கள் வந்தன. கைகளை ஊன்றித் தலைகீழாக நின்ற அத்தனை பிள்ளைகளையும் அந்த ஏஜென்ட் நிமிர்த்தி வைத்துவிட்டது. ஒவ்வொரு படத்திலும் ஒரு பெண் இரண்டு கைகளையும் தூக்கித் தரையைத் தாங்கிக்கொண்டு நிற்கிறாள், கூரை விளக்குகள் அவள் காலடியில் எரிகின்றன. என் வாழ்க்கையில் என் பேச்சை அப்படியே கேட்டு நடந்த ஒரே ஜீவன் அதுதான், அது கேட்ட லட்சணம் இப்படி. ஒருவரும் பார்க்காமல் அது நினைவு மலராக அச்சாகியும் போயிற்று. பயிற்சி ஆசிரியை மலரைக் கொண்டுவந்து என் மேஜைமேல் விரித்தார். இந்தப் பொண்ணு பத்து வருஷம் பழகினது கையத் தூக்கிட்டு நிக்கிறதுக்கா, அதுக்கு பஸ் ஸ்டாப் போதாதா என்று கேட்டார். சத்தம்கூடப் போடவில்லை. யார் தப்புன்னு திங்கக்கிழமை எழுத்துல குடுங்க, ஒருத்தர் வெளிய போயாகணும் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

எனக்கு உள்ளூர சந்தோஷம்தான். கத்தரி மாட்டுவதற்குத்தானே பத்து வருஷமாகக் காத்திருந்தேன். யார் எதை வெட்டினார்கள் என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் பழைய பிரதிகளில் அப்படியே இருக்கும். நேற்று சனிக்கிழமை, ஆளில்லாத ஆபீஸுக்குப் போய்த் திறந்தேன். என் பதினொரு பக்கத்திலும் தலைகீழாக நிற்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தலை மேலே வரும்படி திருப்பு என்று நான் எழுதிய வரிக்குப் பக்கத்தில் கத்தரியின் கேள்வி இருந்தது, தலைகீழா நிக்கிற ஆள் படம் வந்தா என்ன பண்ணும் சார் என்று. அதற்குக் கீழே என் பதில், அப்படி யார் நிற்கப்போகிறார்கள், வெட்டுவதற்கு வேறு வரி கிடைக்கவில்லையா என்று. அவருக்கு அது நினைவிருப்பதாகத் தெரியவில்லை. ஒரு தட்டுத் தட்டினால் அழிந்துவிடும். அழிக்கும் பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

அப்படி யார் நிற்கப்போகிறார்கள். உன் அறைக் கதவுக்குப் பின்னால், என் தோள் உயரத்தில், இரண்டு குதிகால் கறைகள் இருந்தனவே. ஒன்பது வயசில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அங்கேதான் நிற்பாய். படிக்கிற பிள்ளைக்கு எதற்கு சர்க்கஸ் என்று கத்தி, உன்னைப் பயிற்சியில் சேர்க்கச் சொல்லி வந்த விளையாட்டு ஆசிரியரையும் வாசலோடு அனுப்பி, அந்தச் சுவருக்குப் பெயின்ட் அடித்தவன் நான்தான். அதற்குப் பிறகு நீ என்னிடம் எதையுமே கேட்டதில்லை, உன் கல்யாணத்தைக்கூடத் தகவலாகத்தான் சொன்னாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். யார் யார்மேல் கோபப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் நேற்றிலிருந்து குழப்பமாக இருக்கிறது.

கேள்வியையும் பதிலையும் அச்செடுத்து, கீழே கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். நாளை காலை கொடுத்துவிடுவேன், போகிற ஒருத்தர் நானாகத்தான் இருப்பேன். ஐம்பத்துநாலு வயசுலதான் உங்களுக்கு உண்மை பேசணும்னு தோணுச்சா என்று உன் அம்மா புலம்புகிறாள். கத்தரியோடு ராசியாகிவிட்டேன் என்று மட்டும் நினைக்காதே, அந்தப் பத்துப் பக்கத்தை வெட்டியதற்கு மன்னிப்பு கிடையாது. போவதற்கு முன் குறிப்பைத் திருத்தினேன். முதலில் தரையைப் பார், பிறகு மனிதரைப் பார், சந்தேகம் வந்தால் திருப்பாதே, கேள். சோதிக்க ஒரு படம் வேண்டியிருந்தது. நீ அந்தச் சுவரில் நிற்பதை உன் அம்மா எனக்குத் தெரியாமல் எடுத்து, பீரோவில் துணிகளுக்கு அடியில் இத்தனை வருஷமாக ஒளித்து வைத்திருக்கிறாள், நேற்றுதான் கொடுத்தாள். இன்று மறுபடி ஆபீஸுக்குப் போய் ஸ்கேன் செய்து, அந்த ஏஜென்ட்டிடம் நான்கு பக்கமும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். நான்கு தடவையும் உன் கால்கள் மேலேதான் இருந்தன.

இருவரும் குறைவில்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். வெளியே போகும்போது ஹீட்டரை அணைத்தாயா என்று ஒருமுறைக்கு இருமுறை பார். படத்தை இதோடு வைத்திருக்கிறேன். மாட்டுவதாக இருந்தால், எது மேல்பக்கம் என்று பின்னால் அம்பு போட்டிருக்கிறேன், அதன்படி மாட்டு. யாராவது நேராக்குகிறேன் என்று வந்தால் விடாதே.

இப்படிக்கு,
சுவருக்குப் பெயின்ட் அடித்த
உன் அப்பா