ஒர்சாவின் விவிலியம்

முரானோத் தீவுக் கன்னியர் மடம்
ஏப்ரல் 1, 1559

அன்புள்ள சக்கரியா அண்ணாவுக்கு,

ஒர்சா எழுதுவது. அண்ணியும் குழந்தைகளும் சுகமா? மூன்று மாதமாக நீ எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வெனிஸில் படகே ஓடுவதில்லையா?

நேற்று மடத்துத் தாயார் எங்களைக் கூட்டி, "இத்தாலிய மொழி விவிலியம் யாருகிட்ட இருந்தாலும் குடுத்துடுங்க. ரோமாபுரி தடை பண்ணிடுச்சு. தானா குடுத்தா தண்டனை இல்ல" என்றார். நீ எனக்குத் தந்த பிரதியை ஒளித்துவைத்துக்கொண்டேன். நீ எபிரேயத்தோடு நான்கு வருடம் மல்லுக்கட்டி மொழிபெயர்த்ததை எப்படிக் கொடுப்பேன்? இருபது வருடமாக லத்தீனைக் கிளி போல ஒப்பித்தவள் நான். உன் விவிலியத்தில் துன்பப்படும் யோபு நம் தெருக்காரன் மாதிரி நம் மொழியிலேயே கடவுளோடு சண்டை போட வந்த பிறகுதான் இந்தச் சுவர்களுக்குள் எனக்குப் பேச்சுத்துணை. சமையற்கட்டுப் பவுலா அக்கா தினமும், "இன்னிக்கு அவன் என்ன கத்துறான், படிடி" என்கிறாள்.

உன் ஒர்சா

வெனிஸ்
ஏப்ரல் 3

அன்புத் தங்கை ஒர்சாவுக்கு,

கோபித்துக்கொள்ளாதே. தெருவில் இறங்கினாலே பின்னால் ஒருவன் வருகிறான். இன்று திருச்சபையின் மதவிரோத விசாரணைக் குருக்கள் கூப்பிட்டார்கள். "மொழிபெயர்த்தவனுக்கு அச்சகத்துல ரெண்டு பிரதி குடுத்திருக்காங்க. ஒன்னு இங்க இருக்கு. இன்னொன்னு எங்கய்யா?" என்றார் ஒருவர். நினைவில்லை என்றேன். "சனிக்கிழமைக்குள்ள நினைவு வரட்டும். வரலேன்னா வரவழைப்போம்" என்று சிரித்தார். பக்கத்து அறையில், கைகளைப் பின்னால் கட்டி ஆளைத் தூக்கும் கயிறு தொங்கியது.

அதை அடுப்பில் போட்டுவிடு, ஒர்சா. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

சக்கரியா

முரானோ
ஏப்ரல் 9

அண்ணா,

எரிக்கக் கை வரவில்லை. வியாழக்கிழமை காலை நானே புத்தகத்தைத் தாயாரிடம் கொண்டுபோனேன். நீ திருப்பிக் கேட்டும் நான்தான் தரவில்லை என்று சொன்னால் நீ தப்பிவிடுவாய் என்று நினைத்தேன்.

"தாமதமா வந்திருக்கியே பொண்ணே! உங்க அண்ணன் நேத்தே போய் உன் பேரைச் சொல்லிட்டாரே" என்றார்.

இப்போது இரண்டு வருடம் தனியறை. கடிதம் கூடாது, பேனா கூடாது. பவுலா அக்கா கதவிடுக்கில் தாளையும் பேனாவையும் தள்ளி, "சீக்கிரம் எழுதுடி, மீன் கூடையில அனுப்பிடுறேன்" என்று காவல் நிற்கிறாள்.

அந்தக் கயிற்றைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். சனிக்கிழமை சொல்லியிருந்தால் அன்றே மன்னித்திருப்பேன். நீ புதன்கிழமையே போயிருக்கிறாய். எனக்காக மூன்று நாள்கூடப் பொறுக்கவில்லை.

பதில் எழுதாதே, அக்கா மாட்டிக்கொள்வாள். மடத்தில் எனக்கு வைத்த பெயரிலேயே முடிக்கிறேன்.

சகோதரி தெக்லா