கொல்லையில் ஒரு பனிக்கடல்

செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். என் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் பரோட்டா போடுகிறவர் லீவு. ஆறு மணியிலிருந்து கல்லில் நானே. வாங்க வேண்டியது: பால் டின், முட்டை, நூருக்குத் தலைவலித் தைலம்.

நூருக்கு மெயில். வடக்கே ஒரு குளிர்நாட்டுப் பல்கலைக்கழகம், ஒரு வருடம் வரச் சொல்கிறது. மிதக்கும் ஐஸ் கப்பலில் மோதும்போது தண்ணீர் என்ன செய்கிறது, அதுதான் என் மனைவி நூருவின் ஆராய்ச்சி. இத்தனை நாள் எங்கள் ஊர் சித்தியவானில் கம்ப்யூட்டரோடு சரி. அங்கே நிஜ ஐஸ், நீளத் தொட்டி. வெள்ளிக்குள் பதில்.

பிள்ளை இல்லாத வீடு. அவள் போனால் நான் மட்டும்தான். "நீங்க சொல்லுங்க மச்சான்" என்றாள். "தொட்டிதானே? நான் இங்கயே செஞ்சு தாரேன்லா" என்றேன். கெட்டிக்காரன் நான்.

புதன்

மீன் பண்ணைக்காரரிடம் பழைய ஃபைபர் தொட்டி. லோரியில் ஏற்றிக் கொல்லையில் இறக்கியாயிற்று. முதுகு பிடித்துக்கொண்டது.

கடை ஐஸ் இரண்டு மூட்டை, பெருமையாகக் கொட்டினேன். நூரு ஒன்றை எடுத்து, நடுவிலிருந்த துளை வழியாக என்னைப் பார்த்தாள். "எல்லாம் ஓட்டை ஐஸ்லா மச்சான். பால் இல்லாத தே ஓ டீல போடத்தான் ஆகும்." இத்தனை வருடம் ஐஸ் போட்டுக் கொடுக்கிறேன், ஓட்டை ஒரு குறையென்று தோன்றியதே இல்லை. ரொம்ப நேரம் சிரித்தோம்.

வியாழன்

படகுத்துறையிலிருந்து மீனுக்குப் போடும் பாளம் ஐஸ். உடைத்துப் போட்டேன். நூரு ஒரு சின்ன மரப்படகை நூலில் கட்டி இழுத்தாள். சின்னத் துண்டு ஒன்று, படகு தொடும் முன்பே நகர்ந்துவிட்டது. "ஜின் வேலையா?" என்றேன்.

"இல்ல மச்சான். படகு தண்ணிய தள்ளுது, தண்ணி ஐஸ தள்ளுது. சின்னது ஒதுங்கிடும். பெருசு ஒதுங்காது, இடிக்கும். எந்த சைஸ் வரைக்கும் ஒதுங்கும்னுதான் பார்க்கணும்."

சொல்லும்போது மலர்ந்த அந்த முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

இரண்டாம் தடவை அளப்பதற்குள் எல்லாம் பாதி கரைந்துவிட்டது. ஸ்கேலைத் துடைத்து வைத்தாள். பிறகு, "போதும் மச்சான். நான் போகல. இங்கயே பார்த்துக்கலாம்."

நான் நினைத்தது நடந்தது. ஆனாலும் சோறு இறங்கவில்லை.

வெள்ளி

மழை. ஜும்ஆ தொழுகை முடிந்து நேரே வீடு. கம்ப்யூட்டர் முன்னால் நூரு. வர முடியாது என்று பாதி எழுதியிருந்தாள்.

"அத அழிச்சிட்டு, வாரேன்னு எழுது."

"நீங்க தனியா என்ன செய்வீங்க?"

"கஷ்டமாத்தான் இருக்கும். அழுவேன். நீ எழுது நூரு."

எழுதினாள். "அனுப்புற பட்டன நீங்க அமுக்குங்க மச்சான்."

அமுக்கினேன்.